கூட வேலை பார்த்தவங்களுக்கே மேனேஜர் ஆயிட்டேன், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

நீடாமங்கலத்தான் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்துல ஒரு நவீன அரிசி ஆலையில வேலை பார்க்கிறேன். தஞ்சாவூர்ல உணவுப் பதப்படுத்தல் படிச்சுட்டு நேரா இங்க லேபுக்கு வந்தவன். நெல் லோடு வந்தா ஈரப்பதம் பார்க்கிறது, பதரும் அரைகுறையா முத்தின கருக்காயும் பிரிச்சு எடை போடுறது, அரிசி வெளிய வந்ததும் குருணை எவ்வளவு விழுந்திருக்குன்னு பார்க்கிறது, இவ்வளவு நாளா இதுதான் என் வேலை. கார்த்திகை கடைசியில பழைய மேனேஜர் உடம்புக்கு முடியாம நின்னுட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இனிமே உற்பத்தி முழுக்க நீதான் பார்த்துக்கணும்"னு சொல்லிட்டார். சாவிக்கொத்து கைக்கு வந்துடுச்சு. ஆளை எப்படி நடத்தணும்னு மட்டும் யாரும் சொல்லித் தரல.

ரெண்டு ஷிப்டும் சேர்த்தா முப்பது பேருக்கு மேல இருக்காங்க. அதுல எனக்கு ரொம்ப சங்கடமா இருக்கிறது அவியல் மேஸ்திரி விஷயம். நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே புழுங்கலரிசிக்கு நெல் அவிச்சவர். வேலைக்கு வந்த புதுசுல, அவிஞ்ச நெல்லை உள்ளங்கையில வச்சுக் காட்டி, உமி எந்த அளவுக்கு வாய் திறந்திருக்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். இப்ப ஊறல் தண்ணி எவ்வளவு சூடு, நீராவி எத்தனை நிமிஷம்னு நான் ஒரு அட்டவணை போட்டு தொட்டிப் பக்கத்துல ஒட்டினேன். "சரி தம்பி"ன்னார். ஆனா அவர் வழக்கப்படிதான் செய்றார். பல நாள் நல்லாவே வருது. சில லோடுல அரிசியில வெள்ளை வயிறு விழுது, அதாவது நடுவுல சரியா அவியாம வெள்ளைத் திட்டா நிக்குது. அது அவர் அவியல்னால வருதா, நெல்லோட குணமான்னு எனக்குப் பிடிபடல. அவர்கிட்ட போய் எப்படி அதட்டுறது?

அடுத்தது என் கூட்டாளி. நிறம் மாறின அரிசியைப் பிரிச்சுத் தள்ளுற கலர் சார்ட்டர் மிஷின் ஓட்டுறான். ஒண்ணா சேர்ந்தோம், ஒரே அறையில தங்கினோம். இப்ப ராத்திரி ஷிப்டுக்கு லேட்டா வர்றான். அவன் வர்ற வரைக்கும் பகல் ஷிப்டு ஆள் வீட்டுக்குப் போக முடியாம நிக்கிறார். மத்தவங்க ஒண்ணும் சொல்றதில்ல, என் முகத்தைத்தான் பார்க்கிறாங்க.

முதலாளி இன்னமும் நேரா மேஸ்திரிக்கே போன் பண்ணி "அந்த லோடை முதல்ல போடு"ன்னு சொல்றார். தொட்டி ரொம்பின பிறகுதான் எனக்குத் தெரியுது. மூட்டை தூக்குறவங்கள்ல பாதிப் பேர் பீகார்க்காரங்க, எனக்கு இந்தி வராது. இதுக்கு நடுவுல சாம்பிளையும் நானே பார்க்கிறேன், ஏன்னா வேற யார் பார்த்தாலும் மனசு ஒப்ப மாட்டேங்குது. ராத்திரி பத்து மணிக்கு முன்னாடி வீடு போய்ச் சேர்ந்ததில்ல.

தை பொறந்தா சம்பா அறுப்பு. வாசல்ல டிராக்டர் வரிசை கட்டி நிக்கும். அதுக்குள்ள ஒரு வழிக்கு வரணும். கண்டிப்பா இருக்கணுமா, அனுசரிச்சுப் போகணுமா? தலைமைப் பண்புன்னு தேடினா வர்றதெல்லாம் ஏசி ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்குச் சொன்ன மாதிரி இருக்கு. ஆலை, களம், வயல்னு ஆளை வச்சு வேலை வாங்கினவங்க சொல்லுங்க.

குடமுருட்டி

வாழ்த்துகள் தம்பி. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் மாதத்தில் இளகிவிட்டால் பிறகு இறுக்கவே முடியாது. வருகைப் பதிவேட்டை உங்கள் மேசைக்குக் கொண்டு வாருங்கள். வந்த நேரத்தை அவரவர் கையால் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வாய்மொழி உத்தரவு எதுவும் வேண்டாம். இன்று என்ன ஓட வேண்டும், யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் பேசுவது அந்தக் காகிதம்தான்.

கூட்டாளியோடு டீக்கடைக்குப் போவதை நிறுத்துங்கள். அவர் மேல் கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் இருவரும் சேர்ந்து நிற்பதைப் பார்க்கிறவனுக்கு நாளை நீங்கள் எடுக்கிற எந்த முடிவும் ஓரவஞ்சனையாகத்தான் தெரியும். மேஸ்திரியிடம் மரியாதையாக, ஆனால் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் முதலாளியை வைத்துச் சொல்ல வையுங்கள்.

பாமணிக்கரை

நீடாமங்கலம் தம்பிக்கு. மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்குக் கணக்கு எழுதப் போய், அதே மில்லுக்கு மேனேஜரா ரொம்ப வருஷம் இருந்தவ நான். ஒரு பொம்பளை எப்படி இத்தனை ஆம்பளைங்களை வச்சு மில்லு ஓட்டப் போறான்னு அப்ப கேட்காத ஆளில்ல. அதனால உங்க கேள்வியைப் படிச்சதும் பதில் எழுதாம இருக்க முடியல. நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துப் படிங்க.

குடமுருட்டி ஐயா சொன்ன பதிவேடு விஷயத்தை அப்படியே எடுத்துக்கங்க. டீக்கடையை நிறுத்தச் சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன். எந்த பெல்ட் கத்துது, எந்தக் குழுவுல கூலித் தகராறு, யார் வீட்டுல யாருக்கு உடம்பு முடியலங்கிறது அங்கதான் காதுல விழும். அங்க போகாத மேனேஜருக்கு இது அத்தனையும் மிஷின் நின்ன பிறகுதான் தெரியவரும். போங்க. ஒரே ஆளோட மட்டும் போகாதீங்க. இன்னைக்கு லோடுமேன் குழுவோட, நாளைக்கு டிரையர் ஆளோட, அப்படி மாத்தி மாத்திப் போங்க.

மேஸ்திரியை முதலாளியை வச்சுச் சொல்ல வைக்கிறதுங்கிறதை மட்டும் கனவுலயும் செஞ்சுடாதீங்க. அதுக்கப்புறம் அவர் உங்க அட்டவணைப்படியே அவிப்பார். கெட்டுப் போற அன்னைக்கும் அட்டவணைப்படியே அவிப்பார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். உங்களுக்கு அவரோட கை மட்டும் போதுமா தம்பி? கண்ணும் மூக்கும் சேர்ந்து வேணும்.

அந்த அட்டவணையை எடுத்து ஒரு தடவை பாருங்க. ஏடிடி 43-க்கும் சிஆர் 1009-க்கும் ஒரே ஊறலா போட்டிருக்கீங்க? ஒண்ணு சன்ன ரகம், இன்னொண்ணு குண்டு. நேத்து அறுத்து இன்னைக்கு வந்த நெல்லும் குடோன்ல மாசக்கணக்குல கிடந்த நெல்லும் ஒரே மாதிரியா தண்ணி குடிக்கும்? அவருக்கு இது கைப்பழக்கமாத் தெரியும். உங்களுக்குப் படிச்சுத் தெரியும், லேப்ல பார்த்தும் தெரியும். இந்த ரெண்டும் ஒரே காகிதத்துல வரணும். அதனால ஒரு நோட்டுப் போடுங்க. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு வரி. என்ன ரகம், எந்த ஊர் நெல், வந்தப்ப ஈரப்பதம் எவ்வளவு, தண்ணி சூடு, ஊறின நேரம், ஆவி விட்ட நிமிஷம். அதுக்குப் பக்கத்துல, தொட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடி, மேஸ்திரி என்ன நினைக்கிறார்னு அவர் வாய்ச்சொல்லாவே ஒரு வார்த்தை. கடைசிக் கட்டத்துல உங்க லேப் முடிவு, வெள்ளை வயிறு எவ்வளவு, குருணை எவ்வளவுன்னு. கொஞ்ச நாள் ஓடட்டும். அப்புறம் அவர் பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு பேரும் சேர்ந்து படிங்க.

வெள்ளை வயிறு ஏன் விழுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அரிசியோட நடு வரைக்கும் தண்ணி போகல, இல்ல ஆவி பத்தல. ஆனா ஏன் தண்ணி போகலங்கிறதுல ஒரு சேதி இருக்கு. எங்க மில்லுல இதே மாதிரி நோட்டுப் போட்டுப் பார்த்தப்ப, வெள்ளை வயிறு விழுந்த தொட்டிகள்ல பெரும்பாலும் ரெண்டு லோடு கலந்திருந்துச்சு. ஒண்ணு புது நெல், ஒண்ணு பழசு. ஒண்ணு ஊறி முடிஞ்சிருக்கும், இன்னொண்ணு பாதியில நிக்கும். யாரு அவிச்சாலும் அது ஒழுங்கா வராது. ஏன் கலந்துச்சுன்னு தேடிப் போனா, அவசரத்துல வந்த ஒரு போன்ல போய் நிக்கும். "அந்த லோடை முதல்ல போடு." உங்க இடத்துலயும் அப்படித்தான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா மேஸ்திரி சொல்பேச்சு கேட்கலன்னு நீங்க வருத்தப்படுறதும், முதலாளி நேரா போன் பண்றாருங்கிறதும் ரெண்டு தனித்தனிக் குறையான்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

நோட்டைப் பார்த்த பிறகு, எது யார் முடிவுன்னு வாய்விட்டுப் பேசிடணும். எந்த லோடு எந்தத் தொட்டிக்குப் போகணுங்கிறது உங்க முடிவு. தொட்டிக்குள்ள போன நெல்லை எப்ப வடிக்கிறது, எப்ப ஆவி விடுறது, எப்ப நிறுத்துறதுங்கிறது அவர் முடிவு. டிரையர் சூடு உங்க முடிவு. இடையில நெல்லை ஆறப் போடாம ஒரே மூச்சா காய வச்சா குருணை எப்படி ஏறுதுன்னு எண்ணிப் பார்த்தவர் நீங்கதான். இதை எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. "அவியல்ல அண்ணன் சொல்றதுதான்"னு மேனேஜர் வாயால கேட்டா, மத்த விஷயத்துல உங்க பேச்சை முதல்ல கேட்கிற ஆள் அவராத்தான் இருப்பார். அப்புறம், அவர் முடிவு ஒரு நாள் தப்பாப் போனா முதலாளி முன்னாடி போய் நிக்க வேண்டியது நீங்க. அந்த இடத்துல அவர் பேரைச் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா சாயந்திரத்துக்குள்ள அவர் காதுக்குப் போயிடும்.

முதலாளி விஷயம். அவர் உங்களை மதிக்காம மேஸ்திரிக்குப் போன் பண்ணல. அத்தனை வருஷமா பழகின நம்பர் அது, அவ்வளவுதான். வியாபாரி ஒருத்தர் போன்ல நெருக்கியிருப்பார், இவர் அதே சூட்டுல மேஸ்திரியைக் கூப்பிட்டிருப்பார். நீங்க முந்திக்கங்க. காலையில அவர் காப்பி குடிக்கிற நேரத்துக்கு நீங்களே கூப்பிட்டு, இன்னைக்கு எந்தத் தொட்டியில என்ன இருக்கு, எது எப்ப வெளிய வரும்னு சொல்லிடுங்க. கேட்க வேண்டிய கேள்விக்கெல்லாம் பதில் கையில இருந்தா அவர் எதுக்கு இன்னொருத்தரைக் கூப்பிடுறார்? மேஸ்திரிகிட்ட "முதலாளி போனை எடுக்காதீங்க"ன்னு சொல்லிடாதீங்க, அது அவரைத் தர்மசங்கடத்துல மாட்டி விடுறது. "சரிங்க, தம்பிகிட்ட சொல்லிட்டுப் போட்டுடறேன்"னு சொன்னா போதும்னு மட்டும் கேட்டுக்கங்க.

ஷிப்டு மாறுற நேரத்துல ரெண்டு ஷிப்டு ஆளையும் பத்து நிமிஷம் நிக்க வச்சுப் பேசுங்க. மேட்டூரை ஜூன் 12-ஆம் தேதி திறந்துட்டாங்கன்னு பேப்பர்ல வந்துடும், ஆனா கடைமடையில இருக்கிறவனுக்குத் தண்ணி வந்து சேர எத்தனை நாள் ஆகுதுன்னு நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும். மேனேஜர் சொல்ற சேதியும் அப்படித்தான் போகும். நீங்க மேஸ்திரிகிட்ட சொன்னது உமி அள்ளுற பையன் வரைக்கும் போச்சான்னு அந்தப் பையன்கிட்டயே கேளுங்க. பீகார்த் தம்பிகளுக்கும் இதுல இடம் கொடுங்க. அவங்கள்ல தமிழ் நல்லாப் பேசற ஒருத்தன் கண்டிப்பா இருப்பான். அவனை முன்னாடி நிறுத்துங்க. நீங்களும் கொஞ்சம் இந்தி கத்துக்கங்க. தண்ணி வேணுமா, அடிபட்டுச்சா, கூலி வந்துச்சா, இந்த அளவுக்காவது அவங்க பாஷையில கேட்கத் தெரியணும்.

இப்ப சாம்பிள். வேற ஆள் பார்த்தா மனசு ஒப்பலன்னு எழுதியிருக்கீங்க. லேப்ல உங்களுக்குக் கீழ ஒரு பையனோ பொண்ணோ இருக்கணுமே? அவங்ககிட்ட கொடுத்துடுங்க. ஒரு வாரம் ஒரே லோடை ரெண்டு பேரும் தனித்தனியா பார்த்து எழுதி ஒப்பிடுங்க. ஒத்துப் போச்சுன்னா விட்டுடுங்க. சிரமம் மீட்டர்ல இல்ல, வாசல்ல நிக்கிற விவசாயிகிட்ட. 17 சதவீதத்துக்கு மேல ஈரம்னு கொள்முதல் நிலையத்துல நிறுத்தின நெல்லோட அவர் உங்க வாசலுக்கு வந்திருப்பார், பனியிலயும் மழையிலயும் காத்துக் கிடந்த கோபத்தோட. சின்னப் பொண்ணு ஒருத்தி ஈரம் அதிகம்னு சொன்னா "மேனேஜரைக் கூப்பிடு"ம்பார். அப்ப நீங்க வந்து, மீட்டரை அவர் கண்ணு முன்னாடியே வச்சு, மூட்டையில வேற இடத்துலேர்ந்து எடுத்து, அந்தப் பொண்ணையே மறுபடியும் பார்க்கச் சொல்லணும். மீட்டரை நீங்க கையில வாங்கிட்டீங்கன்னா அதோட சரி. அப்புறம் ஒவ்வொரு லோடுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவாங்க, அந்தப் பொண்ணும் கடைசி வரைக்கும் நிமிரவே மாட்டா.

இவ்வளவையும் எந்த நம்பிக்கையில சொல்றேன்னு கேட்டா, கஜா புயலைச் சொல்லணும். 2018 நவம்பர் 16 விடியக்காலையில வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்க ஊரை எல்லாம் புரட்டிப் போட்டுட்டுப் போச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு தோப்பாச் சாஞ்சுது. பல கிராமத்துக்கு வாரக்கணக்குல கரண்ட் இல்ல. எங்க மில்லுல ஷெட்டு தகரம் பறந்துடுச்சு. தொட்டிகள்ல நெல் ஊறிக்கிட்டிருக்கு. அவிக்காம விட்டா புளிச்சு நாறிடும்னு உங்களுக்குத் தெரியும். ஜெனரேட்டருக்கு ஒரே ஒரு தொட்டியை அவிக்கிற அளவுக்குத்தான் டீசல். முதலாளி வெளியூர்ல மாட்டிக்கிட்டார். லைன் கிடைச்சப்பல்லாம் "எல்லாரையும் வரச் சொல்லு"ன்னார்.

வந்தவங்ககிட்ட நான் முதல்ல கேட்டது யார் வீட்டுக் கூரை போச்சுன்னுதான். கூரை போனவங்களுக்கு குடோன்லேர்ந்து தார்ப்பாயும் கையில முன்பணமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டேன். மிச்சம் இருந்தது கொஞ்சப் பேர். எந்தத் தொட்டியை அவிக்கிறதுங்கிற கேள்வியை மேஸ்திரிகிட்ட விட்டுட்டேன். அவர் ஒவ்வொரு தொட்டியிலயும் கையை விட்டு நெல்லை எடுத்து மோந்து பார்த்துட்டு, கடைசியா ஊறப் போட்டதை அவிங்க, மத்தது தேறாதுன்னார். மத்ததை வடிச்சு மாட்டுத் தீவனத்துக்கு ஒதுக்கினோம். அந்த நஷ்டத்தை முதலாளிகிட்ட போன்ல சொன்னது நான். முடிவு என்னோடதுன்னு சொன்னேன், அவர் கோபப்பட்டார், கேட்டுக்கிட்டேன். வீட்டுக்கு அனுப்பின ஆள் ஒவ்வொருத்தரா தானா திரும்பி வந்தாங்க. யாருக்கும் நான் போன் பண்ணல, பண்ணவும் முடியாது, டவரே இல்ல. அன்னைக்கு மேஸ்திரிக்கு மோந்து பார்த்துச் சொல்ற தைரியம் எங்கிருந்து வந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி எத்தனையோ சாதாரண நாள்ல அவர் சொன்னதைக் கேட்டிருந்தோம். புயல் அன்னைக்குப் புதுசா அவரைக் கேட்டிருந்தா "நீங்க சொல்றபடி செய்றேம்மா"ன்னு ஒதுங்கியிருப்பார்.

கூட்டாளி விஷயத்தைத் தனியா, மில்லுக்கு வெளிய வச்சுப் பேசுங்க. ஏன் லேட்டுன்னு கேளுங்க. பதில் வந்ததும் எழுதுங்க, அதுக்கு மேல சொல்றேன்.

உமி அடுப்பு

நான் மேனேஜர் இல்லை. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு ஆலையில பாய்லர் பார்க்கிறவன், சர்டிபிகேட் வாங்கினவன். மேல அக்கா சொன்னதோட எங்க பக்கத்துலேர்ந்து ரெண்டு விஷயம் சேர்க்கணும்.

சீசன் நெருக்கடியில புது மேனேஜர் செய்ற காரியம் ஒண்ணு இருக்கு. "இன்னும் கொஞ்சம் பிரஷர் ஏத்துங்க, வேலை சீக்கிரம் முடியும்." பாய்லர்ல தண்ணி அளவும் பிரஷரும் பார்த்துக்கிட்டு நிக்கிறவன் முடியாதுன்னா முடியாதுதான். அதுல மேனேஜருக்கும் சரி, முதலாளிக்கும் சரி, பேச்சே இல்ல. சேஃப்டி வால்வு ஊதினா அதை யாரும் தொடக் கூடாது. இதை நீங்களே முதல் நாள் கூட்டத்துல சொல்லிடுங்க. "பாய்லர்காரர் நிறுத்துன்னா நிறுத்திடுவோம், அதுக்காக யாரையும் கேள்வி கேட்க மாட்டேன்." இப்படி ஒரு வார்த்தை சொன்ன மேனேஜருக்காக ராத்திரி கண் முழிச்சு வேலை பார்க்க நாங்க தயாரா இருப்போம்.

இன்னொண்ணு கூலி. சம்பா சீசன்ல பன்னெண்டு மணி நேரம் ஓடும். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலின்னு சட்டத்துல இருக்கு. வார லீவு இருக்கு. ஈஎஸ்ஐங்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குத் தொழிலாளி பங்கு சம்பளத்துல 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். எங்க சம்பளத்துல பிடிச்சதைக் கட்டினாங்களான்னு எங்களுக்கு யாரும் சொல்றதில்ல. கூலியைத் தீர்மானிக்கிறது நீங்க இல்லன்னு எங்களுக்கும் தெரியும். ஆனா ஓவர்டைம் நேரத்தை ஒழுங்கா எழுதி, மாசக் கடைசியில கணக்குப்பிள்ளைகிட்ட கொடுத்து, விடுபட்டதைக் கேட்டு வாங்கித் தர்றது உங்க கையில இருக்கு. வடநாட்டு ஆளுங்களுக்கு இது இன்னும் முக்கியம். கான்ட்ராக்டர் கையில போற காசு அவங்களுக்கு எவ்வளவு வருதுன்னு கேட்க ஒரு ஆள் இல்ல. நீங்க கேளுங்க.

நீடாமங்கலத்தான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தைக்கு முன்னாடியே எழுதணும்னு இருந்தேன், முடியல. இப்ப வாசல்ல வண்டி நிக்குது, ராத்திரிச் சாப்பாடு முடிச்சுட்டு எழுதுறேன்.

தொட்டி நோட்டுப் போட்டாச்சு. மேஸ்திரி அண்ணனுக்கு எழுத்து வராது, அவர் சொல்லச் சொல்ல டிரையர் பையன் எழுதுறான். வெள்ளை வயிறு அதிகமா விழுந்த தொட்டிகளைச் சேர்ந்து பார்த்தோம். அக்கா சொன்ன மாதிரி கலந்த லோடு இருக்கு, ஆனா அது மட்டும் இல்ல. கடைசி ஓரத்துல இருக்கிற ஒரு தொட்டி மேலயே அடிக்கடி வருது. அண்ணன்தான் சொன்னார், அந்தத் தொட்டிக்குப் போற ஆவிக் குழாய்ல ஓட்டை அடைச்சிருக்கும்னு. பிரிச்சுப் பார்த்தா அப்படித்தான் இருந்துச்சு. இது உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்னு கேட்டேன். "ரொம்ப நாளா சந்தேகம் தம்பி, யார் கேட்டா"ன்னார். அட்டவணையை அவரும் நானும் திருத்தி எழுதி மறுபடி ஒட்டியிருக்கோம், ரகவாரியா.

பாய்லர் அண்ணன் சொன்னதை அப்படியே கூட்டத்துல சொல்லிட்டேன். முதலாளிக்குக் காலையில போன் பண்றேன், இப்ப மேஸ்திரிக்கு அவர் கூப்பிடறது குறைஞ்சிருக்கு. சாம்பிளை லேப் பொண்ணுகிட்ட விட்டாச்சு. இந்த வாரம் ஒரு விவசாயி கத்தினப்ப மீட்டர் பக்கம் என் கை போகலக்கா.

கூட்டாளிகிட்ட பேசினேன். கல்யாணத்துக்குப் பிறகு கூத்தாநல்லூர் பக்கம் மாமனார் ஊருக்குக் குடி போயிட்டான். அங்கிருந்து வர்ற டவுன் பஸ் ஷிப்டு ஆரம்பிச்ச பிறகுதான் வந்து சேருது. அதுக்கு முந்தின பஸ் சாயந்திரம் நாலு மணிக்கு. பகல் ஷிப்டுக்கு மாத்திக் கொடுன்னு கேட்கிறான். மாத்திக் கொடுத்தா கூட்டாளிக்குச் சலுகைன்னு பேசுவாங்க. கொடுக்கலன்னா தினம் லேட். என்ன செய்யட்டும்?

பாமணிக்கரை

குழாய் விஷயத்தைப் படிச்சதும் மனசு நிறைஞ்சு போச்சு தம்பி. அந்தக் கண்டுபிடிப்பு மேஸ்திரியோடதுன்னு முதலாளிகிட்ட அவர் பேரைச் சொல்லிச் சொன்னீங்களா? சொல்லலன்னா நாளைக்குக் காலை போன்ல சொல்லிடுங்க.

கூட்டாளிக்கு நீங்களா மாத்திக் கொடுக்காதீங்க. ஷிப்டு மாத்திக்க விரும்புறவங்க எதிர் ஷிப்டுல தனக்குச் சமமான வேலை தெரிஞ்ச ஆளைச் சம்மதிக்க வச்சு, ரெண்டு பேரும் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டா மாத்திக்கலாம்னு எல்லாருக்கும் பொதுவா ஒரு வழி வச்சுடுங்க. நாளைக்குக் கூட்டத்துலயே சொல்லிடுங்க, அவன் பேரை எடுக்காதீங்க. பகல்ல சார்ட்டர் பார்க்கிறவர்கிட்ட அவனே போய்க் கேட்கட்டும். அந்த ஆள்தானே இத்தனை நாள் காத்துக்கிடந்து கஷ்டப்பட்டவர்? அவர்கிட்ட அவன் முதல்ல ஒரு வார்த்தை வருத்தம் சொல்லணும்னும் அவன்கிட்ட நீங்க சொல்லுங்க. ராத்திரி ஷிப்டு வேணும்னு நினைக்கிற ஆளும் இருப்பாங்க, பகல்ல சொந்த வயலைப் பார்த்துக்கலாமே. அவர் ஒத்துக்கலன்னா, பஸ் நேரத்துக்கு ஏத்த மாதிரி ராத்திரி ஷிப்டு ஆரம்பிக்கிற நேரத்தை அரை மணி தள்ள முடியுமான்னு எல்லார்கிட்டயும் கேளுங்க, அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றவங்க இன்னும் ரெண்டு பேர் இருந்தாலும் இருப்பாங்க. ரெண்டும் நடக்கலன்னா மத்தவங்களுக்கு எப்படி லேட்டுக்குக் கூலி பிடிப்பீங்களோ அப்படியே அவனுக்கும் பிடிக்கணும். அதை நீங்க பிடிக்கப் போறதுக்கு முன்னாடியே அவன்கிட்ட நேர்ல சொல்லிடுங்க, கணக்குப்பிள்ளை வாயால அவன் தெரிஞ்சுக்கக் கூடாது.

பத்து மணிக்கு மேல வீட்டுக்குப் போறது இன்னும் நடக்குதான்னு எழுதலியே. சாம்பிளை விட்டாச்சுன்னா இப்ப என்ன பிடிச்சு வச்சிருக்கு?